கன்னக்கட்டையில் ஓர் ஆணி

கொஞ்சம் இந்தப் பக்கமா வந்து நின்னு பாருங்க தம்பி. அங்ஙன நின்னா கண்ணாடியில டியூப்லைட்டுதான் தெரியும். இந்தத் துப்பாக்கிக்கு வலதுபக்கம்தான் விசேஷம். முந்தி இத மாத்தி வச்சிருந்தாவ, வலதுபக்கம் செவத்தப் பாத்துக்கிட்டு. நான்தான் அந்த வாட்ச்மேன்கிட்ட மல்லுக்கட்டித் திருப்பி வைக்கச் சொன்னேன். அந்தா, ஸ்டூல்ல உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருக்காருல்லா, அவருதான். அவரும் பழைய பட்டாளத்துக்காரரு. பாக்க வாரவன் பாக்கவேண்டியதப் பாக்கணும்லா.

இம்புட்டுத் துப்பாக்கி இருக்கு, நீங்க கேமராவ வச்சுக்கிட்டு இது ஒண்ணுகிட்டயே நிக்கீங்க. அதான் கேக்கேன். பழைய துப்பாக்கிக் கட்டைகளப் பத்தி எழுதுதவரா? அப்பிடியா! அப்போ சரியான ஆளுதான். நான் துப்பாக்கி பிடிச்சவன் இல்ல. நமக்குச் சங்கரன்கோயில் பக்கம். ஆசாரி. சங்கரலிங்க ஆசாரின்னு கேட்டா அங்க தெரியும். எனக்கு மரம் தெரியும். அந்தப் போர்டுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் வாசிங்களேன். மனப்பாடம்தான், இருந்தாலும் வாசிங்க.

ம். "கட்டையின் வலதுபுறம் வழக்கத்துக்கு மாறான ஒட்டுவேலை. செய்தவர் யாரெனத் தெரியவில்லை." அம்புட்டுத்தான். அந்தக் கடைசி வரி இருக்கே, அது என் வாயில இருந்து வந்தது தம்பி.

சிரிக்காதீங்க. சொல்லுதேன். உங்களுக்கு அவசரம் இல்லைல்லா? எனக்கு ராத்திரிதான் பஸ்ஸு.

இந்தா, கட்டைக்குக் குறுக்க ஒரு திருகு போகுதே, அது பாக்டரியில போட்டது. கட்டை வெடிக்காம இருக்க. அது அதிசயம் இல்ல. அந்த மூலையில முன்கட்டை பூராவும் கம்பி சுத்தி ஒண்ணு கெடக்கே, அது குண்டு எறியுததுக்கு உள்ளது. அதுவும் சர்க்கார் வேலைதான். பித்தளை வில்லை பதிச்சிருக்குல்லா, அது பட்டாளத்து அடையாளம். உங்களுக்குத் தெரியாததா, எல்லாம் அந்த வாட்ச்மேன் எனக்குச் சொன்னது. ஆனா இந்தப் பின்கட்டையில, கன்னம் வைக்குத எடத்துல, ஒரு துண்டு மரம் புடைப்பா ஒட்டியிருக்கு பாருங்க. அது எந்தச் சர்க்காரும் செஞ்சதில்ல. ஒருத்தன் தனியா உக்காந்து செஞ்சது.

மத்த கட்டையெல்லாம் வால்நட்டு. இந்தத் துண்டு தோட்டாப் பெட்டிப் பலகை. மட்டமான மரம். ஆனா வேலையப் பாருங்க. அடிக்கட்டையில புறாவால் மாதிரி பள்ளமா காடி வெட்டி, துண்ட அதுக்குள்ள தள்ளி எறக்கியிருக்கான். உளி கிடையாது. துப்பாக்கி முனையில மாட்டுத கத்தியாலதான் வெட்டியிருப்பான், காடி ஓரத்துல அதோட தழும்பு தெரியுது. நகம் நுழையாது தம்பி அந்த இடுக்குல. இத்தன வருசம் மண்ணுக்குள்ள கெடந்தும் நுழையாது. குத்தம் சொல்லத் தோணல எனக்கு, நானே சொல்லுதேன்.

இப்போ நீங்க சோத்தாங்கைக்காரரு. துப்பாக்கிய வலது தோள்ல வச்சா உங்க வலது கன்னம் கட்டைக்கு இடதுபக்கம் படும். இவன் வலதுபக்கம் ஒட்டியிருக்கான். அப்போ இடது தோள்ல வச்சுச் சுடுதவன். பீச்சாங்கை. ஆமா, என் கூடப்பொறந்த தம்பியும் பீச்சாங்கைதான். எவன் இல்லேன்னான்? ஊருல ஆயிரம் பேரு பீச்சாங்கை.

அந்த நடுவுல பாருங்க. கண்ணக் கிட்டக் கொண்டு போங்க. ஒரு சின்ன மஞ்சப் பொட்டு தெரியுதா? ஆணி. பித்தளை ஆணி. வெடிச்ச தோட்டாக் கூட்ட அடிச்சு நீட்டிச் செஞ்சிருக்கான். அதுதான் விஷயமே.

சுனாமிக்கு முந்தின வருசம், எங்க பட்டறைக்கு ரெண்டு பேரு வந்தாவ. ஒருத்தர் மேஜரு, நம்ம நாகர்கோயில் பக்கத்துக்காரரு, நல்லாத் தமிழ் பேசுவாரு. கூட எங்க பக்கத்தூரு சுபேதார் ஞானமுத்து, பென்சன் வாங்கி ஊரோட இருந்தவரு. ஒரு கம்பளித் துணியில இந்தக் கட்டைய மட்டும் சுத்திக் கொண்டாந்திருந்தாவ. இரும்பு இல்ல. சீனாக்காரன் சண்டை நடந்த மலையில ரோடு போட வெட்டுனப்போ ஒரு பதுங்குகுழி தட்டுப்பட்டுருக்கு. உச்சியில இருந்த குழி. உள்ள மூணு பேரு எலும்பு. துப்பாக்கி நம்பரத் துரு தின்னுட்டு. யாருன்னு கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்ல, இந்தக் கட்டையத் தவிர. அந்தச் சண்டையில காணாமப் போனவங்கள்ல தச்சுவேலை தெரிஞ்சவன் யாருன்னு தேடியிருக்காவ. எங்க குத்தாலம் பேரு வந்துருக்கு.

குத்தாலம்னா குற்றாலிங்கம். என் தம்பி. எனக்கு நேர் இளையவன்.

அவன் கதையச் சொல்லணும்னா, சவத்துப்பய, வேலையில சோம்பேறி. கையில வித்தை இல்லேன்னு சொல்ல மாட்டேன். என்னைவிட ஒருபிடி கூடத்தான் இருந்துது. ஆனா பொறுமை கிடையாது. எங்க வீட்டுல எங்கய்யா காலத்துல இருந்து ஒரு கட்டு உண்டு. மரத்துல ஆணி எறங்கக்கூடாது, இரும்போ பித்தளையோ. கழுந்து, காடின்னு மரத்துக்குள்ள மரத்தக் கோக்கணும், அதுவும் நிக்கலேன்னா மூங்கில்ல சீவின முளைக்குச்சி. எங்கய்யா செஞ்ச கோயில் கதவுல நீங்க காந்தத்த வச்சுத் தேடினாலும் ஒரு ஆணி கெடைக்காது. இவன் என்ன செய்வான்னா, முளை சீவுததுக்குச் சோம்பல்பட்டு, ரகசியமா ஒரு ஆணிய எறக்கிருவான். எறக்கி, தலைய உள்ள அமுக்கி, மேல மெழுகும் மரத்தூளும் குழைச்சு வச்சுப் பூசிருவான். கண்ணுக்குத் தெரியாது. விரல்ல தடவினா எனக்குத் தெரிஞ்சிரும்.

அப்பிடி ஒருநாள், பெரிய வீட்டு ஊஞ்சல் பலகையில ஒண்ணு பிடிச்சேன். வேலை குடுத்தவரு முன்னால நிக்காரு. அந்தாக்குல கையில இருந்த கொட்டாப்புளிய எறிஞ்சேன். தெரியும்லா, உளிமேல அடிக்குத மரச் சுத்தியல். அவன் குனிவான்னு நெனச்சேன். குனியல. இடது கன்னத்துல பட்டுது. எலும்பு கொஞ்சம் உள்ள போயிட்டு. ஒரு சின்னக் குழி, அம்புட்டுத்தான். பின்னால பொண்ணு பாக்கப் போனப்போ அதுவும் ஒரு அழகாத்தான் இருக்குன்னாவ அந்த வீட்டுல.

அடியாத மாடு படியாது தம்பி. அன்னைக்கு ரத்தத்தத் துடைச்சுக்கிட்டே, "இனிமே ஆணி தொட மாட்டேன் அண்ணாச்சி"ன்னான். முகம் ஆறின உடனே பட்டாளத்துல போய்ச் சேந்துட்டான். நான் அடிக்கலேன்னா அவன் அந்த ஊரத் தாண்டியிருப்பானா? உடுப்பப் போட்டுக்கிட்டு லீவுல வந்தப்போ ஊரே எந்திரிச்சு நின்னு பாத்துது. நான்தான் முன்ன நின்னு கல்யாணம் செஞ்சு வச்சேன். பொண்ணு பேரு ஆவுடையம்மா. ஆவுடைன்னுதான் கூப்பிடுவோம். ரெண்டு லீவுக்கு வந்திருப்பான். அதுக்குள்ள சண்டை வந்துட்டு.

காணாமப் போயிட்டான்னு மட்டும்தான் தகவல். அதோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. சண்டை முடிஞ்சு பக்கத்தூர்ப் பட்டாளத்தான் ஒருத்தன் வந்து, குத்தாலத்தத் துப்பாக்கி இல்லாம மலையடிவாரத்துல பாத்தேன், எறங்கி ஓடிக்கிட்டிருந்தான்னு சொல்லிப்புட்டான். குடிச்சுட்டுச் சொன்னானோ, குடிக்காமச் சொன்னானோ. ஊர் வாய மூட உலைமூடி உண்டா? அன்னையில இருந்து ஆவுடைக்குப் பேரே போச்சு. தண்ணி எடுக்கப் போனா "ஓடிப்போனவன் பொண்டாட்டி வாரா"ம்பாளுவ. ஒரு பொம்பள கேலிக்கு, "சீனாக்காரியக் கட்டிக்கிட்டு அங்ஙன குடியும் குடித்தனமுமா இருப்பான்"னாளாம். ஆவுடை கொடத்த எறக்கி வச்சுட்டு அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாளாம். அதுக்கப்புறம் குழாயடிக்குப் போகல.

பிறந்த வீட்டுக்கும் போகல. எங்க பட்டறையிலயே உப்புத்தாள் தேய்ச்சுக்கிட்டு இருந்தா. குங்குமம் வைப்பா, பூ வைக்க மாட்டா. என்ன கணக்கோ. தவசு திருவிழா வந்தா கோமதியம்மனைப் பாக்கப் போவா, கூட்டத்துல முட்டி நின்னுட்டு வந்திருவா. வாழ்ந்தவளும் இல்ல, அறுத்தவளும் இல்ல. அப்பிடியே தலை நரைச்சிட்டு.

மேஜர் வந்த அன்னைக்குப் பட்டறையில நாலஞ்சு ஆசாரிமாரு இருந்தாவ. சுபேதார் கட்டைய என் மடியில வச்சு, "சங்கரலிங்கம், நீரு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்வே"ன்னாரு. "இது குத்தாலம் வேலைதான்னா, அவன் உச்சிக்குழியில துப்பாக்கியோட கெடந்தான்னு ஆச்சு. ஓடல. அந்தப் பய சொன்னது பொய்யின்னு ஊர்நடுவுல வச்சுச் சொல்லலாம். எலும்புக்கு ஒரு மரியாதை செய்வாவ. அந்தப் பிள்ளைக்கும் ஒரு விடிவு"ன்னாரு. ஆவுடை உள்வாசல் நிலைகிட்ட நின்னுக்கிட்டிருந்தா.

நான் அவசரப்படல. மரத்தத் தட்டிப் பாத்தேன். மோந்து பாத்தேன். காடியோட சாய்வப் பாத்தேன். சொல்லப்போனா எங்கய்யா சாய்வு மாதிரிதான் இருந்துது. இருக்கட்டும், உலகத்துல எங்கய்யா ஒருத்தரா காடி வெட்டினாரு? அப்புறம் கட்டையத் தூக்கி இடது தோள்ல வச்சு, என் கன்னத்த வச்சுப் பாத்தேன். சேரல. அந்தப் புடைப்பு என் கன்னத்தெலும்புல முட்டுது. வலிக்குது. எங்க வீட்டு மூஞ்சியெல்லாம் ஒரே வார்ப்பு தம்பி. எனக்குச் சேராதது அவனுக்கு மட்டும் எப்பிடிச் சேரும்?

அப்போ ஆவுடை வெளிய வந்துட்டா. அம்புட்டு ஆம்பளை இருக்குத எடத்துக்கு அவ வந்ததே கிடையாது. வந்து, என் மடியில இருந்த கட்டையில அந்தப் புடைப்பு மேல உள்ளங்கைய வச்சா. வச்ச கைய எடுக்கல. கண்ண மூடிக்கிட்டா. "இது அவுகதான் பெரியத்தான்"னா. மேஜர் எந்திரிச்சு நின்னுட்டாரு. "எப்படிம்மா சொல்றீங்க?"ன்னு கேக்காரு. இவ மத்தக் கையால முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டா. வெக்கப்பட்டாளோ என்னவோ. புருசன் கன்னம் கைக்குத் தெரியும்னு நாலு ஆம்பளை முன்னால எந்தப் பொம்பள சொல்லுவா.

எனக்கும் ஒரு நிமிசம் அவன் பேரச் சொல்லிரலாம்னு வந்துட்டு. இல்லேன்னு சொல்ல மாட்டேன். அந்த நிமிசத்துல பாருங்க, என் பெருவிரல் அங்ஙன தடவுது, தட்டுப்படுது. ஆணி.

"இது எங்க வீட்டு வேலை இல்ல"ன்னேன்.

மேஜர், "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா"ன்னாரு. யோசிக்க என்ன இருக்கு? சுத்தி நாலு ஆசாரி உக்காந்திருக்கான். எங்கய்யா பேரு இருக்கு. எங்க கை பட்ட மரத்துல ஆணி இருக்காதுன்னு சொன்னேன். ஆவுடை, "அவுக ஆணி அடிப்பாவல்லா பெரியத்தான். அதுக்குத்தான நீங்க அன்னைக்கு..."ன்னு ஆரம்பிச்சா. "உள்ள போ"ன்னேன். ஒரே சத்தம். போயிட்டா.

நீங்களே சொல்லுங்க. அவன் எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கான், இனிமே ஆணி தொட மாட்டேன்னு. அண்ணன் வாக்க மீறுவானா? அப்போ இது வேற எவனோ செஞ்சதுன்னுதான ஆகுது. எனக்கு மட்டும் ஆசை இல்லையா, என் தம்பி ஓடலன்னு சொல்ல? வாயில வருதத எல்லாம் சொல்லுததுக்கு நான் என்ன அந்தக் குடிகாரப் பட்டாளத்தானா?

மேஜர் என் மடியில இருந்து கட்டைய வாங்கிக்கிட்டாரு. "வீட்டுக்குள்ளயே ரெண்டு பேச்சுன்னா நாங்க என்ன செய்ய முடியும்?"ன்னு கட்டையத் துணியில சுத்தினாரு. சுபேதார் ஞானமுத்து என்கிட்ட அன்னைக்குப் பேச்ச நிறுத்தினவருதான். எதுத்தாப்ல வந்தா சைக்கிள விட்டு எறங்கி அந்தப் பக்கம் திரும்பிக்கிடுவாரு. எனக்கென்ன. தப்புச் சாட்சி சொன்னாத்தான் நான் பயப்படணும்.

ஆவுடை அதுக்கப்புறம் உப்புத்தாளத் தொடல. சோறு பொங்கி வைப்பா, ஒரு மூலையில உக்காந்திருப்பா. ஒரே ஒருநாள் கேட்டா: "அவுக ஓடலன்னு ஒரு வார்த்தைதான பெரியத்தான். சொன்னா என்ன கொறைஞ்சு போயிருக்கும்?" நான் பொறுமையா எடுத்துச் சொன்னேன், ஆணியப் பத்தி. கேட்டுக்கிட்டே இருந்தா. "சரி"ன்னா.

ரெண்டு வருசத்துல போயிட்டா. அன்னைக்கு வாசல்ல ஒரு பஞ்சாயத்து. பொம்பளைங்க வந்து கேக்காளுவ, குங்குமம் வச்சுப் பூ வச்சு அனுப்பவா, வேண்டாமான்னு. அவ கூடப்பொறந்தானுக, "எங்க அக்கா புருசன் சண்டையில செத்தவரு, அக்காவே சொல்லிச்சு, அது ஆசைப்படி வெறும் நெத்தியோட அனுப்புங்க"ங்கானுவ. நான் விடல. என் தம்பி செத்ததுக்கு என்ன அத்தாட்சி? மஞ்ச பூசி, நெத்தி நெறையக் குங்குமம் வச்சு, கனகாம்பரமும் மல்லிகையும் வச்சு, சுமங்கலியாத்தான் அனுப்புனேன். எந்த மூத்தான் செய்வான் தம்பிபொண்டாட்டிக்கு? அந்தத் தெருவே பாத்துது. எவனோ ஒருத்தன் பாடைக்குப் பின்னால, "அப்போ ஓடிப்போனவன் இன்னும் உசுரோடதான் இருக்கான்"னான். சிரிச்சானுவ. அவ தம்பிமாரு கொள்ளி வச்ச கையோட போனவனுகதான், இன்னைக்குவரை எங்க வாசப்படி மிதிக்கல. நல்லது செஞ்சவனுக்கு இதுதான் காலம்.

இங்க வந்து பாக்கணும்னு எப்போ தோணுச்சுன்னு தெரியல. இந்தக் கட்டைய இரும்போட சேத்து இந்த மலைமேல பட்டாளத்து மியூசியத்துல வச்சிருக்காவன்னு கேள்விப்பட்டேன். வருசாவருசம் வாரேன். மூணு பஸ்ஸு மாறணும். இந்தக் குளிரு முட்டிக்கு ஆகாது. சும்மா, ஒரு வேலையப் பாக்குததுக்குத்தான். மரவேலைக்காரன் மரவேலையப் பாக்க வாரதுல என்ன இருக்கு.

ஒண்ணுதான் எனக்குப் பிடிபடல. நீங்க படிச்சவரு, உங்களக் கேக்கேன். அந்த ஆணித்தலைய உத்துப் பாருங்க. ஒரு நூல் ஆழம் உள்ள எறக்கியிருக்கான். சுத்திலும் விளிம்புல லேசா ஒரு கறை ஒட்டிக்கிட்டிருக்குல்லா? அது மெழுகு. மரத்தூள் குழைச்ச மெழுகு. நாள்பட்டு உதுந்துட்டு, விளிம்புல மட்டும் மிச்சம் இருக்கு. அந்தப் பனியில, சீனாக்காரன் எதுக்க வந்துக்கிட்டிருக்கான், நாளைக்கு உசுரு இருக்குமான்னு தெரியாது. அங்ஙன உக்காந்து ஒரு ஆணித்தலைய மூடியிருக்கான் தம்பி. யாருக்குப் பயந்து மூடினான்? அந்த மலையில எந்த ஆசாரி வந்து விரல்ல தடவிப் பாக்கப்போறான்?

நீங்களும் கேமராவப் பாத்துக் குனிஞ்சிட்டீங்க. அந்த வாட்ச்மேன்கிட்ட இதையே கேட்டா அவரும் எந்திரிச்சுப் போயிருவாரு.

சரி, இதப் பாருங்க. பைக்குள்ள வச்சிருக்கேன். துணிய மெதுவாப் பிரிக்கணும், ரொம்பப் பொடிசு. மூங்கில் முளை. கல்மூங்கில்ல சீவி, எண்ணெயில போட்டு எடுத்தது. கண்ணால பாத்து எடுத்த அளவுதான், ஆனா ஒரு நூல் பிசகாது. அந்த ஆணிய எடுத்துட்டு இத எறக்கினாப் போதும். ஒரு கொட்டு, அம்புட்டுத்தான். கொட்டாப்புளியும் கொண்டாந்திருக்கேன், கேட்டுல வாங்கி வச்சுக்கிட்டாவ. வருசாவருசம் கேக்கேன், அந்தாளு தொடவே விட மாட்டேங்காரு. கண்ணாடியத் திறக்கச் சட்டத்துல எடமில்லையாம். நீங்க எழுதுதவரு, இங்கிலீசுல ரெண்டு வார்த்தை எடுத்துச் சொன்னாக் கேப்பாரு. சொல்லுங்களேன்.

அத மட்டும் எடுத்துட்டா வேலை சுத்தம் தம்பி. அப்புறம் அந்தப் போர்ட மாத்தி எழுதச் சொல்லலாம். பேரு நானே சொல்லுவேன், ஊருக்கே கேக்குத மாதிரிச் சொல்லுவேன். குற்றாலிங்கம். என் தம்பி. ஓடல. உச்சியிலதான் கெடந்தான்.

ஆணி இருக்குத வரைக்கும் நான் எப்பிடித் தம்பி சொல்ல முடியும்?